தேயாத மின்வாய்: சாயல்குடி உப்பும் காரைக்குடி உலோகமும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கடற்கரையில், கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட வழியில் அமைந்த சாயல்குடியும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் மூன்று பொருள்களால் அறியப்படுவன. ஒன்று, பனையின் கருப்பட்டி. மற்றொன்று, வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரி. மூன்றாவது, வாலிநோக்கம், மாரியூர்க் கரையில் விளையும் உப்பு. கருப்பட்டியின் பெருமை ஊரறிந்தது. உப்பும் கரியும் உலகின் வேதித் தொழிலோடு கொண்டுள்ள உறவோ நம்மவரால் அதிகம் எண்ணிப் பார்க்கப்படவில்லை. உணவுக்குப் போக எஞ்சிய உப்பு எங்கே செல்கிறது, அங்கே அது என்னவாக மாற்றப்படுகிறது, அம்மாற்றத்தை நிகழ்த்தும் உலோகம் எது, அவ்வுலோகம் மீண்டும் நம் கடலுக்கும் நம் மீனுக்கும் வந்து சேராமல் காக்கப்பட்டது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு விடை தேடினால், நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு விரிகின்றது. அவ்வரலாற்றின் ஓர் இன்றியமையாத அத்தியாயம், முன்னர் இதே இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காரைக்குடியில் எழுதப்பட்டது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அல்-கிலீயும் உமரியும்

காரம் எனும் பொருளைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் பலவும் வழங்கும் 'ஆல்கலி' என்ற சொல், அரபு மொழியின் 'அல்-கிலீ' என்பதன் திரிபாகும். உவர் நிலத்தில் வளரும் செடிகளை உலர்த்தி எரித்துப் பெறும் சாம்பலுக்கே அப்பெயர் வழங்கிற்று. ஷாம் நாட்டிலும் இராக்கிலும் சவுக்காரம் காய்ச்சவும் கண்ணாடி உருக்கவும் அச்சாம்பல் பயன்பட்டது. நம் கடற்கரையின் உவர் நிலங்களில் செழித்து நிற்கும் உமரி அச்செடிகளின் இனத்தைச் சார்ந்ததே. நம் முன்னோர் ஆடை வெளுக்க உவர்மண்ணைக் கையாண்டதும் இதே காரத்தன்மையை அறிந்தே ஆகும்.

கி.பி. 865இல் ரய் நகரில் பிறந்து 925இல் மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அல்-ராஸீ, தமது 'கிதாபுல் அஸ்ரார்' என்னும் நூலில் அன்று அறியப்பட்டிருந்த பொருள்களையெல்லாம் வகைப்படுத்தினார். கனிமப் பொருள்களை அவர் பகுத்த முறை இன்றும் வியப்புக்குரியது. பாதரசம், நவச்சாரம், கந்தகம், தாளகம் முதலியவற்றை அவர் 'அர்வாஹ்', அதாவது உயிர்கள் என ஒரு வகுப்பில் வைத்தார். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு போன்ற உலோகங்களை 'அஜ்ஸாத்', அதாவது உடல்கள் என வேறொரு வகுப்பில் வைத்தார். நெருப்பிலிட்டால் ஆவியாகிப் பறந்து போவன உயிர்கள். நெருப்பிலும் நிலைத்து நிற்பன உடல்கள். தத்துவச் சாயல் பூண்ட பெயர்களாயினும், இப்பகுப்பின் அடிப்படை உலைக்களத்தில் கண்ட உண்மையே ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் பெருந்தொழிற்சாலைகள் தம் வினைகளை நடத்துவதற்குப் பாதரசம் என்னும் 'உயிரை' நம்பின. பறந்து போவது அதன் இயல்பாதலின் அது பறந்தும் போயிற்று. காற்றில் கலந்தது, கழிவுநீரில் கரைந்தது, மீனின் தசையில் தங்கிற்று. அதனை நீக்கி, நிலைத்து நிற்கும் ஓர் 'உடலை' அவ்விடத்தில் அமர்த்துவதே கடந்த அறுபது ஆண்டுகளின் வேதித் தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு பெரும்பகுதி எனலாம்.

உப்பைப் பிளக்கும் கலை

உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் நேர்மின்வாயில் குளோரின் வாயு வெளிப்படும். எதிர்மின்வாய்ப் பக்கம் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். ஒரு டன் காஸ்டிக் சோடா பெறுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பு வேண்டும். உடன் விளைவாக முக்கால் டன்னுக்கும் மேற்பட்ட குளோரின் கிட்டும். சவுக்காரம், காகிதம், செயற்கைப் பட்டு, அலுமினியம் ஆகியவற்றுக்குக் காஸ்டிக் சோடா தேவை. குடிநீர்த் தூய்மைக்கும் பி.வி.சி. குழாய்க்கும் குளோரின் தேவை. ஆகவே நாகரிக வாழ்வின் பல பொருள்கள் உப்பளத்திலிருந்தே புறப்படுகின்றன.

இவ்வகைத் தொழில் தமிழகத்துக்குப் புதியதன்று. 1936இல் தோன்றிய மேட்டூர் கெமிக்கல் நிறுவனம் காவிரியின் மின்சாரத்தைக் கொண்டு உப்பைப் பகுத்த முன்னோடிகளுள் ஒன்று; பிற்காலத்தில் அது சன்மார் குழுமத்தோடு இணைந்தது. காயல்பட்டினத்துக்கு அருகே, ஆறுமுகனேரியை ஒட்டிய சாகுபுரத்தில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனம் காஸ்டிக் சோடா ஆலையை அமைத்தது. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு உரியது. 1974இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு உப்புக் கழகம் சாயல்குடிக்கு அண்மையிலுள்ள மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் தன் பேரளங்களை அமைத்தபோது, உணவு உப்போடு தொழிற்சாலை உப்பும் அதன் நோக்கமாயிற்று. வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரும் தொழிலாளியின் உழைப்பு, இவ்வாறு பெருந்தொழிலின் முதற்படியாக அமைகின்றது.

1892ஆம் ஆண்டில் ஹாமில்டன் காஸ்ட்னரும் கார்ல் கெல்னரும் தனித்தனியே ஒரு முறையைக் கண்டனர். கலத்தின் அடியில் பாதரசத்தை ஓடவிட்டு, அதனையே எதிர்மின்வாயாக்கினர். பிரிந்த சோடியம் பாதரசத்தில் கரைந்து இரசக்கலவையாகும். அதனை வேறொரு கலத்தில் நீரோடு சேர்த்தால் மிகத் தூய காஸ்டிக் சோடா கிடைக்கும். முறை எளிது, விளையும் பொருளோ உயர்ந்தது. ஆனால் ஓர் ஆலையில் பல்லாயிரம் கிலோகிராம் பாதரசம் எந்நேரமும் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். வெளியேறும் ஹைட்ரஜனிலும், காஸ்டிக் சோடாவிலும், உப்புநீரைத் தெளிவித்தபின் எஞ்சும் சேற்றிலும், ஆலைக் கூடத்தின் காற்றிலும் அது சிறுகச் சிறுகக் கசிந்தது.

கலத்தின் மேற்புறத்தில் இருந்த நேர்மின்வாய்க்கு வேறொரு குறை. அது கிராஃபைட்டால் ஆனது. குளோரினின் அரிப்பைத் தாங்கக்கூடிய மலிவான மின்கடத்தி அன்று வேறில்லை. கிராஃபைட்டும் கரியே, குளோரினோடு சிறிதளவு பிராணவாயுவும் அங்கே வெளிப்படுவதால் அக்கரி மெல்ல எரிந்து கரியமில வாயுவாகும். ஒரு டன் குளோரினுக்கு 2 முதல் 4 கிலோகிராம் வரை கிராஃபைட் இவ்வாறு அழிந்தது. மின்வாய் தேயத் தேய இரு முனைகளுக்கும் இடையிலான தொலைவு கூடும். தொலைவு கூடக்கூட மின்செலவு ஏறும். உதிர்ந்த கரித்துகள் கலத்தில் படியும். குளோரினோடு கரிமப் பொருள்கள் சேர்ந்து உருவான நச்சுச் சேர்மங்கள் கிராஃபைட் சேற்றில் தங்கின. சில மாதங்கள் முதல் ஈராண்டுகள் வரை உழைத்த பின் மின்வாயைக் களைந்து புதியது பொருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் தொழிலாளர் கலத்தைத் திறந்தாக வேண்டும். திறக்கும்போதெல்லாம் பாதரச ஆவியையும் குளோரினையும் முகர்ந்தாக வேண்டும்.

இங்கே ஒரு கருத்தை வாசகர் மனங்கொள்ளுதல் நலம். ஒரு வினையூக்கி நெடுநாள் உழைப்பதும் அது தீங்கற்றதாய் இருப்பதும் இருவேறு குணங்கள் போலத் தோன்றும். உண்மையில் அவை பெரும்பாலும் ஒரே குணத்தின் இரு முகங்கள். தேய்ந்த பொருள் அழிந்துபோவதில்லை, இடம் மாறுகின்றது. ஆலையில் குறைந்தது ஆற்றிலோ கடலிலோ நுரையீரலிலோ கூடியிருக்கும். தேயாத உலோகத்தைத் தேடியது முதலில் மின்கட்டணத்தைக் கருதியே. ஆயினும் அத்தேடல் மனித உயிருக்கும் அரணாக முடிந்தது.

கஸான் நகரத்து உலோகம்

டைட்டேனியம் குளோரின் நீரில் அரிக்கப்படாத உலோகம். 1791இல் வில்லியம் கிரெகர் அதனைக் கருமணலில் கண்டறிந்தார். குமரிக் கரையின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் அக்கருமணல் மிகுதி. அரிப்பைத் தாங்கும் டைட்டேனியத்தை நேர்மின்வாயாக ஏன் கொள்ளவில்லை என்னும் வினா எழலாம். நேர்மின்வாயாக வைத்தவுடன் அதன் மேற்பரப்பில் ஆக்சைடுப் படலம் ஒன்று தோன்றி மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். அரிப்பிலிருந்து அதனைக் காக்கும் அதே கவசம் அதன் வாயையும் அடைத்துவிடுகின்றது. மேலே பிளாட்டினம் பூசிப் பார்த்தனர். பிளாட்டினமோ விலை மிக்கது, அதுவும் தேய்ந்தது.

இச்சிக்கலை அவிழ்த்தவர் ஹென்றி பீர் என்னும் தனி ஆய்வாளர். பெரிய பல்கலைக்கழகம் எதனையும் சாராத அவர், 1960களின் நடுப்பகுதியில், பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த ருத்தேனியத்தின் ஆக்சைடை டைட்டேனியத்தின்மீது பூசும் முறைக்குக் காப்புரிமை கோரினார். தொடர்ந்து, ருத்தேனிய ஆக்சைடையும் டைட்டேனிய ஆக்சைடையும் கலந்து பூசும் முறையையும் வகுத்தார். மிலான் நகரத்து டி நோரா நிறுவனம் அதனைத் தொழிலளவில் நிலைநாட்டியது. பரிமாணம் மாறாத நேர்மின்வாய் என்னும் பொருளில் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. பெயரே அதன் பெருமையைச் சொல்கின்றது: வைத்த அளவிலிருந்து அது குறைவதில்லை.

ருத்தேனியத்தை 1844இல் கண்டறிந்தவர் கார்ல் கிளாஸ். அவர் பணியாற்றியது வோல்கா ஆற்றங்கரையில் உள்ள கஸான் பல்கலைக்கழகத்தில். தாத்தாரிய முஸ்லிம்களின் பண்பாட்டுத் தலைநகரமாக விளங்கும் அந்நகரில் கண்டறியப்பட்ட உலோகம், ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் உலகின் உப்பையெல்லாம் பகுக்கும் கருவியாயிற்று.

பூச்சின் இரகசியம் அதன் உள்ளமைப்பில் உள்ளது. ருத்தேனிய ஆக்சைடு உலோகத்தைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும். அதன் படிக அமைப்பும், 'ரூட்டைல்' எனப்படும் டைட்டேனிய ஆக்சைடின் படிக அமைப்பும் ஒன்றே. ஆகவே இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து, அடியிலுள்ள டைட்டேனியத்தோடு வேர் பிடித்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். இரு உலோகங்களின் உப்புகளையும் ஆல்கஹாலில் கரைத்து, தூரிகையால் தகட்டின்மேல் பூசி, ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் சுட வேண்டும். ஆறிய பின் மீண்டும் பூசி மீண்டும் சுட வேண்டும். இவ்வாறு பலமுறை செய்தபின் கிடைக்கும் படலத்தின் தடிப்பு சில மைக்ரான்களே, மயிரிழையினும் மெல்லியது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சில கிராம் ருத்தேனியமே போதுமானது. அம்மெல்லிய படலம், கிராஃபைட் சில மாதங்களே தாங்கிய இடத்தில், ஆண்டுக் கணக்கில் நிலைத்தது. சவ்வுக் கலங்களில் எட்டு, பத்து ஆண்டுகள் உழைப்பது இன்று இயல்பு. குளோரினை வெளிப்படுத்த வேண்டிய மின்னழுத்தமும் குறைந்தது. பூச்சு தீர்ந்தபின் தகட்டை எறிய வேண்டியதில்லை. பழையதை நீக்கி மறுபூச்சிடலாம். நம் இல்லங்களில் செப்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் பூசிப் பல தலைமுறை ஆண்டதை ஒத்தது இது.

காரைக்குடியின் பங்களிப்பு

விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வகங்களை அமைக்க முற்பட்டபோது, மின்வேதியியல் ஆய்வகத்தைத் தம் ஊருக்குக் கொணரும் பொருட்டு வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அந்நாள் குடியரசுத் துணைத்தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். காரைக்குடி அன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு நகரம். 1985இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரே அது இன்றைய சிவகங்கை மாவட்டத்தைச் சார்ந்தது. ஆகவே உப்பு விளையும் கரையும், அவ்வுப்பைப் பகுக்கும் அறிவு விளைந்த நகரும் ஒரே மாவட்டத்தின் இரு முனைகளாக இருந்தன.

எச். வி. கே. உடுப்பா போன்றோரின் வழிகாட்டலில் அந்நிறுவனம் வளர்ந்த காலத்தில், குளோரின் தொழிலின் நேர்மின்வாய் அதன் முதன்மை ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாயிற்று. மேலைநாட்டுக் காப்புரிமைகளுக்குப் பெருந்தொகை செலுத்தி அம்மின்வாயைப் பெறுவது அன்றைய அந்நியச் செலாவணி நெருக்கடியில் எளிதன்று. 1970களில் காரைக்குடி ஆய்வாளர்கள் டைட்டேனியத்தை அடித்தளமாகக் கொண்ட கரையா மின்வாய் ஒன்றை உருவாக்கினர். நிறுவனத்தின் சாதனைப் பட்டியலில் இன்றும் முதன்மை இடம் பெறுவது அது. நம் நாட்டுக் காஸ்டிக் சோடா ஆலைகளில் கிராஃபைட் விடைபெறுவதற்கு வழி வகுத்த முயற்சிகளுள் இதற்கு உரிய இடம் உண்டு.

ஆய்வுக்கூடத்துக் குவளையில் பெற்ற வெற்றி ஆலையில் நிலைப்பதற்குப் பல தடைகள் இருந்தன. பாதரசக் கலத்தில் மின்வாய் பாதரசப் பரப்புக்கு மிக அருகில் தொங்க வேண்டும். சற்றே தாழ்ந்து இரசக்கலவையைத் தொட்டுவிட்டால் குறுக்கு மின்னோட்டம் பாய்ந்து பூச்சு பழுதாகும். உப்புநீரின் காரத்தன்மை கூடினால் பிராணவாயு மிகுந்து ருத்தேனியம் கரையத் தொடங்கும். பூச்சில் ருத்தேனியம் மிகுந்தால் விலை ஏறும்; குறைந்தால் மின்தடை ஏறும். உப்பில் கலந்துள்ள மாங்கனீசு போன்ற மாசுகள் பூச்சின்மேல் படிந்து அதனை மூடும். இவற்றுக்கெல்லாம் விடை காண்பதற்கு வேதியியல் அறிவு மட்டும் போதாது. உலையின் சூட்டைக் காக்கும் பொறுமையும், பூசும் கையின் பக்குவமும் வேண்டும். வினையூக்கியின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய பொறுமையின் வரலாறேயாகும்.

அதே நிறுவனத்தின் அரிமான ஆய்வு நிலையம் ஒன்று மண்டபத்தில் இயங்கி வருகின்றது. பாம்பன் கரையின் உப்புக் காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்தி, எது எத்தனை நாள் தாங்குகிறது என அளந்தறிவது அதன் பணி. கப்பலுக்கும் பாலத்துக்கும் வேண்டிய அவ்வறிவும், குளோரின் கலத்துக்கு வேண்டிய அறிவும் ஒரே வினாவிலிருந்து பிறந்தவை: உப்பின் முன் எந்த உலோகம் நிற்கும்?

மினமாட்டாவின் படிப்பினை

ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் நிகழ்ந்த கொடுமையை இங்கே நினைவுகூர்தல் இன்றியமையாதது. சிஸோ நிறுவனம் அசிட்டிலீனிலிருந்து அசிட்டால்டிஹைடு செய்வதற்குப் பாதரச சல்ஃபேட்டை வினையூக்கியாகக் கொண்டது. வினையின்போது அப்பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு வளைகுடாவில் கலந்தது. நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் அது செறிவேறிச் சென்றது. 1956 மே மாதம் நோய் முறைப்படி பதிவாயிற்று. கை கால் நடுங்கி, பார்வை குறுகி, பேச்சுக் குழறி மாண்டவர்களுள் பெரும்பாலோர் அக்கரையின் மீனவக் குடும்பத்தினர். தாயின் கருவிலேயே நஞ்சேறிய குழந்தைகளும் பிறந்தன. அரசு காரணத்தை ஏற்றுக்கொண்டது 1968இல். அதே ஆண்டில்தான் அவ்வுற்பத்தியும் நின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் நோயாளர்களாக அரசால் அங்கீகரிக்கப்பட்டனர்.

ஒரு வினையூக்கி எந்த ஆலையில் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பது ஆலைச் சுவருக்குள் முடிந்துவிடும் செய்தியன்று என்பதை மினமாட்டா உலகுக்கு உணர்த்தியது. அதன்பின் ஜப்பான் தன் காஸ்டிக் சோடா ஆலைகளிலிருந்தும் பாதரசத்தை அகற்ற முனைந்தது. 1970களின் நடுவில் அங்கே சவ்வுக் கலம் தொழிலளவில் வந்தது. சோடிய அயனியை மட்டும் கடத்திக் குளோரினைத் தடுக்கும் மென்சவ்வு ஒன்று இரு மின்வாய்களையும் பிரித்து நிற்கும், பாதரசம் வேண்டுவதில்லை. 1986க்குள் ஜப்பான் பாதரசக் கலங்களை முற்றிலும் கைவிட்டது.

இவ்விடத்தில் நம் கதையின் இரு இழைகள் ஒன்று சேர்கின்றன. சவ்வுக் கலத்தில் மின்வாய், சவ்வை ஒட்டியே நிற்க வேண்டும். தேய்ந்து உதிரும் கிராஃபைட்டை அங்கே வைத்தால் இடைவெளி நாளும் மாறும், கரித்துகளும் படியும். அளவு மாறாத டைட்டேனிய மின்வாய் கிட்டியிராவிடில் சவ்வுக் கலம் பெருந்தொழிலாக மலர்ந்திராது. தேயாமை என்னும் குணமே நஞ்சின்மை என்னும் குணத்துக்கு வழி திறந்தது. மின்செலவிலும் ஆதாயம் கிட்டியது. பாதரசக் கலத்தில் ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 3000 யூனிட் அளவில் வேண்டியிருந்த மின்சாரம், சவ்வுக் கலத்தில் 2200 முதல் 2500 யூனிட் அளவுக்கு இறங்கியது.

இந்தியாவில் 2003ஆம் ஆண்டு மத்திய அரசும் தொழில்துறையும் இணைந்து ஏற்ற சுற்றுச்சூழல் பொறுப்பு சாசனம், பாதரசக் கலங்கள் 2012க்குள் சவ்வுக் கலங்களாக மாற வேண்டும் எனக் குறித்தது. சாகுபுரம் உட்பட நம் கடற்கரை ஆலைகளும் சவ்வுக்கு மாறின. 2013இல் மினமாட்டாவின் பெயரிலேயே உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2017 ஆகஸ்டு 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. காஸ்டிக் சோடா உற்பத்தியில் பாதரசத்துக்கு 2025ஆம் ஆண்டையும், அசிட்டால்டிஹைடு உற்பத்தியில் பாதரச வினையூக்கிக்கு 2018ஆம் ஆண்டையும் அவ்வுடன்படிக்கை எல்லையாக வகுத்தது.

வீரம் போய்ப் பொன் வந்த கதை

நம் சித்த மருத்துவர்கள் பாதரசச் சேர்மங்களைப் பூரம், வீரம், இலிங்கம் எனப் பிரித்தறிந்தனர். அவற்றுள் வீரம் என்பது இன்றைய வேதியியல் கூறும் மெர்க்குரிக் குளோரைடு. அது கொடிய நஞ்சு என்பதும், சூடேற்றினால் உருகாமலே பதங்கமாகிப் பறக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே.

இதே வீரம்தான் நிலக்கரியை முதலாகக் கொண்டு பி.வி.சி. செய்யும் ஆலைகளில் வினையூக்கியாக இருந்து வந்துள்ளது. கார்பைடிலிருந்து கிடைக்கும் அசிட்டிலீனை ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்த்து வினைல் குளோரைடு ஆக்குவதற்கு, கரித்துண்டுகளில் ஊறவைத்த மெர்க்குரிக் குளோரைடு பயன்பட்டது. சீனத்தில் இவ்வழி பெருவழக்கு. வினைக்கலத்தின் சூட்டில் வீரம் தன் இயல்புப்படி பதங்கமாகி வெளியேறும்; வெளியேறிய அளவுக்கு வினையூக்கி வலுவிழக்கும். இங்கும் தேய்மானமே மாசாக மாறுவதைக் காண்கிறோம்.

1985இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் கிரஹாம் ஹட்சிங்ஸ், உலோகங்களின் மின்வேதிப் பண்பை அளவுகோலாகக் கொண்டு, இவ்வினைக்குப் பொன்னே சிறந்த வினையூக்கியாகும் என முன்னுரைத்தார். பொன் எதனோடும் வினைபுரியாத உலோகம் என்பது அதுவரை நிலவிய நம்பிக்கை. சோதனை அவர் கூற்றை மெய்ப்பித்தது. எனினும் பொன்னைக் கரைக்க இராச திராவகம் வேண்டும். பொன்னின் அளவும் மிகுதியாக வேண்டும். நாளடைவில் அது வலுவிழந்தது. இராச திராவகத்தை ஜாபிர் இப்னு ஹய்யானோடு இணைத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. 'கெபர்' என்ற பெயரில் பிற்காலத்தில் இலத்தீனில் எழுந்த நூல்கள் வேறு. ஜாபிரின் அரபு நூல்கள் வேறு என ஆய்வாளர் பிரித்துக் காட்டியுள்ளதையும் உடன் கூறுவதே முறையாகும்.

பின்னர் பொன்னைத் தயோசல்ஃபேட் என்னும் கந்தகச் சேர்மத்தோடு பிணைத்து நிலைநிறுத்தும் வழி காணப்பட்டது. இராச திராவகத்தின் தேவை ஒழிந்தது. கரியின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான பொன்னே போதும் என்னும் நிலை வந்தது. ஜான்சன் மேத்தி நிறுவனம் அதனைச் சீன ஆலைகளில் சோதித்துத் தொழிலுக்குக் கொணர்ந்தது. 2017இல் வெளியான ஆய்வு, அக்கரியின்மேல் பொன் கட்டியாகவோ துகளாகவோ அன்றித் தனித்தனி அணுக்களாகப் பரவி நின்றே வினையாற்றுகிறது எனக் காட்டியது. பாதரசம் என்னும் 'உயிர்' இருந்த இடத்தில் பொன் என்னும் 'உடல்' அமர்ந்தது. அதனைத் தாங்கி நிற்பதோ கரி. சாயல்குடிச் சீமையில் மூட்டம் போடுவோர் அறிந்த பொருளின் செறிவூட்டிய வடிவமே அது.

செம்பிலும் இதே கதை நிகழ்ந்தது. ஹைட்ரஜன் குளோரைடைக் குளோரினாக மீட்பதற்கு ஹென்றி டீக்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்பு குளோரைடைக் கையாண்டார். அது சூட்டில் ஆவியாகித் தன் வலுவை இழந்தது. 2002இல் ஜப்பானின் சுமிடோமோ கெமிக்கல், ரூட்டைலின்மேல் ருத்தேனிய ஆக்சைடைப் பதித்து அக்குறையைத் தீர்த்தது. உப்புநீர்க் கலத்துக்கு உதவிய அதே இணை, வாயுக் கலத்துக்கும் உதவிற்று.

எஞ்சியிருக்கும் பணி

பிரச்சினைகள் அனைத்தும் தீர்ந்துவிட்டன என முடித்தல் பொருந்தாது. ருத்தேனியமும் அதன் உடன்பிறப்பான இரிடியமும் மிக அரியவை. பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்தே வருகின்றன. நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும் புதிய தொழிலும் இரிடியத்தை நாடுகின்றது. ஆகவே குறைந்த உலோகத்தில் நிறைந்த பயனும், பழைய மின்வாயிலிருந்து உலோகத்தை மீட்கும் கலையும், மலிவான உலோகங்களைக் கொண்டு அதே நிலைப்பேற்றை எய்தும் வழியும் ஆய்வாளரின் இன்றைய இலக்குகளாக உள்ளன. சவ்வுக் கலத்துக்கு மிகத் தூய உப்புநீர் வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் நூறு கோடியில் சில பத்துப் பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது. பாத்தியில் உப்பைச் சேறின்றி வாரிக் கழுவும் பக்குவம், அதனால், முன்னினும் மதிப்புப் பெறுகின்றது. மூடப்பட்ட பாதரச ஆலைகளின் மண்ணையும் சேற்றையும் காலமெல்லாம் காத்து நிற்கும் பொறுப்பும் எஞ்சியுள்ளது. வினையூக்கியை மாற்றிவிடலாம், அது முன்பு விட்டுச் சென்றதை எளிதில் திரும்பப் பெற முடியாது.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளோடு விரியும் மன்னார் வளைகுடா, 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. காயல்பட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எனத் தொடரும் ஊர்களின் அன்றாட உணவு இக்கடலின் மீன். இக்கரையின் உப்பை வாங்கிப் பகுக்கும் கலத்தில் எந்த உலோகம் நிற்கிறது என்பது, ஆகவே, இம்மக்களின் உணவுத் தட்டத்தைச் சார்ந்த வினாவாகும்.

நெருப்பில் பறப்பதையும் நிலைப்பதையும் அல்-ராஸீ பிரித்தறிந்து ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. அவ்வறிவைத் தொழிலின் நெறியாக்க உலகம் நெடுங்காலம் தாமதித்தது. அத்தாமதத்தின் விலையை மினமாட்டாவின் மீனவர் தந்தனர். காரைக்குடியின் உலைகளில் பூசிச் சுடப்பட்ட அம்மெல்லிய படலம், அத்தகைய விலையை நம் கரையோர மக்கள் தராதிருக்க உதவிய பணிகளுள் ஒன்று. அப்பணியைச் செய்தோரின் வரலாறு நம் பாடநூல்களிலும் ஊர் வரலாறுகளிலும் இடம்பெற வேண்டும். உப்பளத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலான தொலைவு அதிகமன்று என்பதை நம் இளைஞர் உணர அது துணைபுரியும்.